பழைய பெட்டியில் கிடைப்பதும் பேரப்பிள்ளைக்கு மூடி வைப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் பழைய வீட்டைத் திருத்துகிறவர்களும், வெளிநாட்டிலிருந்து லீவில் வந்து அம்மம்மாவின் அலுமாரியைத் திறந்து பார்க்கிறவர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான்: இதையெல்லாம் என்ன செய்வது? குடும்பப் பொருட்களைத் தேடி எடுப்பது, அவற்றின் கதையை எழுதி வைப்பது, ஒரு பகுதியைக் காலப்பேழையாக மூடிப் பின்வருகிறவர்களுக்கு விடுவது ஆகிய மூன்றைப் பற்றியும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நகரம், தம்பலகாமம், மூதூர், கிண்ணியா, நிலாவெளி, சம்பூர் என்று எந்தப் பக்கத்துக் குடும்பத்துக்கும் இவை பொருந்தும்.

காலப்பேழை என்றால் என்ன?

இன்றைய வாழ்க்கையைக் காட்டும் பொருட்களையும் எழுத்துகளையும் ஒரு பெட்டியில் மூடி, இன்ன ஆண்டில் திறக்கவேண்டும் என்று எழுதி வைப்பது. டைம் கேப்சூல் என்று பலர் சொல்வதும் இதைத்தான். அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் கம்பனி 1939ஆம் ஆண்டு நியூயோர்க் உலகக் கண்காட்சிக்காகச் செப்புக் கலவையால் ஒரு குழாய் செய்து, 50 அடி ஆழத்தில் இறக்கி வைத்தது. அதைத் திறக்கவேண்டிய ஆண்டு 6939. ஒரு குடும்பத்துக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை. நீங்கள் மடியில் வைத்திருக்கும் பிள்ளை, தன் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து திறக்கிற தூரம் போதும்.

எங்கள் வீட்டில் பழைய பொருள் ஒன்றுமே இல்லை. இடப்பெயர்வில் எல்லாம் போய்விட்டது. எங்களுக்கும் இது பொருந்துமா?

இந்த மாவட்டத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காத தெரு இல்லை. 1983, 1985, 1990 என்று ஓடியவர்கள், 2004 டிசம்பர் 26 சுனாமியில் எல்லாவற்றையும் கடலிடம் இழந்தவர்கள், 2006இல் சம்பூரையும் சுற்றுக் கிராமங்களையும் விட்டு வெளியேறியவர்கள். ஒரே வீட்டுக்கு இதில் இரண்டு மூன்றும் நடந்திருக்கிறது.

ஆனால் ஓடும்போது கையில் எடுத்த பை ஒன்று இருந்திருக்கும். காணி உறுதி, பிறப்புப் பத்திரம், பிள்ளைகளின் பள்ளிக்கூட றிப்போர்ட், சில வீடுகளில் சாமிப் படம் ஒன்று. அந்தப் பையை வெளியே எடுங்கள். முகாமில் தந்த குடும்ப அட்டை, நிவாரண அட்டை, தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமில் இருந்தவர்களின் பதிவுத் தாள், சுனாமிக்குப் பிறகு கிராம சேவையாளர் எழுதித் தந்த கடிதம் ஆகியவை உங்கள் வீட்டின் வரலாற்று ஆவணங்கள். பித்தளைக் குத்துவிளக்கை விட இவை குறைந்தவை என்று யாரும் நினைக்கவேண்டாம். ஐம்பது ஆண்டு கழித்து ஒரு பிள்ளைக்கு அந்த விளக்கை விட அந்த அட்டை அதிகம் சொல்லும்.

அடுத்தது, நீங்கள் தொலைத்தது வேறொருவரிடம் இருக்கலாம். 1970களிலும் 80களிலும் கல்யாணம், சாமத்தியச் சடங்கு என்றால் படத்தைக் கழுவி லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் கொழும்புக்கும் தபாலில் அனுப்பினோம். அவை அங்கே சித்தியின் அல்பத்தில் அப்படியே இருக்கும். நீங்கள் எழுதிய நீல ஏரோகிராம் கடிதங்களும் இருக்கும். அயலவர் வீட்டுக் கல்யாண அல்பத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், பந்தியில் உட்கார்ந்திருப்பவர் உங்கள் அப்பப்பாவாக இருக்கலாம்.

வீட்டில் எங்கே தேடுவது?

றங்குப்பெட்டியை எல்லோரும் திறந்து பார்த்துவிடுவார்கள். தையல் மெசினின் லாச்சியைப் பார்க்கமாட்டார்கள். அங்கேதான் பொத்தான்களோடு பழைய சதக் காசு, உடைந்த தோடு, யாரோ ஒருவருடைய கடற்படைத்தளப் பாஸ் எல்லாம் கிடக்கும். சாமியறைப் படங்களின் பின்னட்டையைக் கழற்றிப் பாருங்கள். கண்ணாடிக்கும் அட்டைக்கும் நடுவே கடிதமோ இன்னொரு படமோ செருகி வைப்பது அந்தக் காலத்துப் பழக்கம். பழைய பஞ்சாங்கங்களைத் தூக்கி எறியமுன் ஒவ்வொரு தாளாகப் புரட்டுங்கள். பிள்ளை பிறந்த நேரம், மாடு கன்று ஈன்ற நாள், கடன் கொடுத்த கணக்கு என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பார்கள். புராணப் புத்தகத்தின் முதல் தாளும் அப்படித்தான்.

முஸ்லிம் குடும்பங்களில் உம்மம்மாவின் அரபுத்தமிழ்க் கிதாபுகளின் (அரபு எழுத்தில் தமிழை எழுதிய புத்தகங்கள்) உள்ளட்டையைப் பாருங்கள். கத்தோலிக்கக் குடும்பங்களில் ஜெப புத்தகத்துக்குள் வைத்த மரண அறிவித்தல் அட்டைகள் நல்ல சான்று. கோயில் பதிவேட்டில் ஞானஸ்நானம், திருமணம் இரண்டும் தேதியோடு இருக்கும், பங்குத் தந்தையிடம் கேட்கலாம்.

குசினியை விடாதீர்கள். பாக்குவெட்டி, மூக்குப்பேணி, கொட்டப்பெட்டி, அரிக்கன் லாம்பு, திருகைக்கல். ‘பழைய சாமான்’ என்று இரும்புக்காரனுக்குப் போடுவதற்கு முன் ஒரு கிழமை தள்ளிப் போடுங்கள்.

குடும்ப மரம் எழுதவேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

கல்வெட்டிலிருந்து. நம் வீடுகளில் ஒருவர் இறந்து 31ஆம் நாள் அந்தியேட்டியில் கொடுக்கும் நினைவு மலரைத்தான் சொல்கிறேன். உலகத்தில் பல சமூகங்கள் காசு கொடுத்து ஆராய்ச்சியாளரை வைத்துத் தேடுகிற விபரம் எமக்கு வீட்டு அலுமாரியில் இலவசமாகக் கிடக்கிறது. பிறந்த ஊர், பெற்றோர் பெயர், யாரைக் கைப்பிடித்தார், பிள்ளைகள், மருமக்கள், பேரர், சகோதரங்கள், எங்கே வேலை பார்த்தார் என்று எல்லாம் அதில் வரும். பாட்டாக எழுதியிருந்தாலும் பொறுமையாக வாசித்தால் மூன்று தலைமுறை கிடைத்துவிடும்.

திதி வெண்பாவைக் கவனியுங்கள். அதில் இறந்த ஆண்டு தமிழ்ப் பெயரில் இருக்கும், மாதமும் பட்சமும் திதியும் இருக்கும். பழைய பஞ்சாங்கத்தை வைத்து ஆங்கிலத் தேதியைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். ‘பராபவ’ என்றால் 1966ஆ 1906ஆ என்பதை மற்ற விபரங்களை வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

உங்களிடம் உள்ள கல்வெட்டுகளை ஒரு பிரதி எடுத்து நூலகம் நிறுவனத்துக்குக் கொடுத்தால் நல்லது. 2005இல் தொடங்கி இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் ஆவணங்களை மின்வடிவில் சேர்த்து வருகிறார்கள். நினைவு மலர்களும் அதில் அடங்கும். உங்களுக்குக் கிடைக்காத ஒரு பூட்டனின் கல்வெட்டு அங்கே ஏற்கெனவே இருக்கவும் கூடும்.

பழைய செம்பில் ஏதோ எழுத்து இருக்கிறது. வாசிக்க முடியவில்லை.

முதலில் புளியை எடுத்துக்கொண்டு வராதீர்கள். புளியும் சாம்பலும் போட்டுப் பல ஆண்டு தேய்த்ததால்தான் எழுத்து மங்கியது. ஈரத் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பெயர் பெரும்பாலும் கழுத்தின் கீழே அல்லது விளிம்புக்குச் சற்றுக் கீழே, ஆணியால் குத்தியது போலப் புள்ளி புள்ளியாக இருக்கும். மெல்லிய வெள்ளைத் தாளை அதன்மேல் வைத்து, ஒருவர் அசையாமல் பிடிக்க, மற்றவர் மென்மையான பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்க்கவேண்டும். புள்ளிகள் வெள்ளையாகவும் சுற்றிடம் கறுப்பாகவும் வரும். இன்னொரு வழி, இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் போன் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடிப்பது. ஒவ்வொரு குத்துக்கும் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும்.

அது பெரும்பாலும் கொடுத்தவரின் பெயர் அல்லது சீராக வாங்கிக்கொண்டு வந்த பெண்ணின் பெயர். மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லாமல், ‘லை’, ‘ணை’ எல்லாம் பழைய வளைவோடு இருந்தால் உடனே நூறு ஆண்டு என்று சொல்லிவிடாதீர்கள். எங்கள் பெரியவர்கள் பலர் கையெழுத்தில் அந்த வடிவத்தைக் கடைசி வரை விடவில்லை.

படத்தில் இருப்பவர் யார், எப்போது எடுத்தது என்று தெரியவில்லை.

படத்தின் பின்பக்கம் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரையும் ஊர்ப் பெயரும் இருக்கும். ஆங்கிலத்தில் ‘சிலோன்’ என்று அச்சிட்டிருந்தால், பெரும்பாலும் 1972 மே 22க்கு முந்தியது, அன்றுதான் நாடு குடியரசாகிப் பெயர் மாறியது. பழைய அட்டைகளை முடியும்வரை பாவித்த ஸ்டூடியோக்களும் உண்டு என்பதால் இரண்டொரு ஆண்டு முன்பின் விட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் பின்னணியே ஆண்டு சொல்லும். கோணேசர் மலையில் இன்றைய கோயிலின் முன் நிற்கும் படம் என்றால் 1963 கும்பாபிஷேகத்தை ஒட்டியது அல்லது அதற்குப் பிந்தியது. அதற்கு முன் அங்கே பாறை விளிம்பில்தான் பூசை நடந்தது. வெள்ளைக்காரக் கடற்படையினரோடு அப்பப்பா நிற்கிறார் என்றால், கடற்படைத்தளம் இலங்கையிடம் கைமாறிய 1957க்கு முந்திய படம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பின்பக்கம் பெயர் எழுத பேனை வேண்டாம். மை ஊறி முன்பக்கம் வரும். 2பி பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை இழுக்கவே வேண்டாம். கண்ணாடியோடேயே நன்றாகப் படம் எடுத்து வையுங்கள்.

பெரியவர்களைப் பேச வைப்பது எப்படி?

‘உங்கட வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கோ’ என்றால் ‘என்னத்தைச் சொல்ல’ என்றுதான் பதில் வரும். கையில் ஒரு பொருளைக் கொடுங்கள். பேச்சு இப்படித் திரும்பும்:

“அம்மம்மா, இந்தப் பாக்குவெட்டி ஆற்றை?”

“அது என்ர மாமியாற்றை. மூதூரில இருந்து லோஞ்சில வரேக்க மடியில வைச்சுக்கொண்டு வந்தவ.”

“ஏன் மடியில?”

“வேற என்ன இருந்தது கொண்டுவர?”

அந்தக் கடைசி வரிக்காகத்தான் நாம் உட்கார்ந்திருக்கிறோம். அதற்குப் பிறகு அவசரப்படாமல் பேசாமல் இருந்தால் மிச்சம் தானாக வரும்.

போனில் பதிவு செய்யுங்கள். தொடக்கத்தில் தேதி, இடம், பேசுகிறவர் பெயர் மூன்றையும் சொல்லிவிடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், அதன் சத்தம் குரலை விழுங்கிவிடும். போனை விமானப் பயன்முறையில் போடுங்கள். அரை மணித்தியாலத்துக்கு மேல் போகவேண்டாம். 1990ஐப் பற்றியோ காணாமல் போன பிள்ளையைப் பற்றியோ பேச்சு வந்து, அவர் மௌனமானால் அங்கேயே நிறுத்துங்கள். தேத்தண்ணி போட்டுக் கொடுங்கள். அந்தக் கதையை அவர் சொல்லவேண்டும் என்றால் இன்னொரு நாள் தானாகவே தொடங்குவார். பதிவுக்காக யாரையும் அழ வைக்க எமக்கு உரிமை இல்லை.

உப்புக்காற்று, கறையான், பூச்சி. என்ன பாதுகாப்பு?

பழைய பெட்டிகளைத் திறந்து காயவிட ஏற்ற காலம் கச்சான் என்கிற தென்மேல் காற்று அடிக்கும் மாதங்கள். காற்று காய்ந்திருக்கும். ஒக்டோபருக்குப் பிறகு வாடையும் மழையும் தொடங்கினால் தாளில் ஈரம் ஏறும். அந்த நாட்களில் பெட்டியை மூடி வைப்பதே நல்லது. நிழலில் காயவிடுங்கள், வெயிலில் வேண்டாம்.

ஊசி, கிளிப், றப்பர் பான்ட், செலோரேப் எல்லாவற்றையும் தாளிலிருந்து அகற்றிவிடுங்கள். கடற்கரை ஊரில் இரும்பு முதலில் துருவாகும், பிறகு தாளைத் தின்னும். ஒட்டுகிற தாள் உள்ள அல்பங்களிலிருந்து படங்களை மெதுவாகப் பிரித்து எடுங்கள், வராவிட்டால் விட்டுவிடுங்கள். புத்தகத்தில் பூச்சி இருந்தால் பொலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி டீப் ப்ரீசரில் இரண்டு கிழமை வைக்கலாம். எடுத்த பிறகு பையைத் திறக்காமல் ஒரு நாள் விடவேண்டும், இல்லாவிட்டால் வியர்த்து நனைந்துவிடும். பூச்சி உருண்டையைப் படங்களோடு போடாதீர்கள். அதன் ஆவி பிளாஸ்டிக்கை இளக வைக்கும், நெஞ்சுக்கும் கூடாது.

ஓலைச் சாதகமும் ஏடுகளும் கிடைத்தன. எண்ணெய் பூசலாமா?

நீங்களாகப் பூசவேண்டாம். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டி, ஒட்டிய ஓலைகளைப் பிரிக்காமல், படம் எடுத்து, பழக்கமுள்ளவரிடம் காட்டுங்கள். வைத்தியர், சோதிடர் பரம்பரைக் குடும்பங்களில் மருத்துவ ஏடுகள் இருந்தால் அவை ஒரு வீட்டுக்கு மட்டும் உரிய செல்வம் இல்லை. மின்பிரதி எடுக்க அனுமதி கொடுங்கள். மூல ஏடு உங்களிடமே இருக்கலாம்.

கிணறு வெட்டும்போதோ அத்திவாரம் தோண்டும்போதோ பழைய பொருள் வந்தால்?

இந்த ஊரில் இது கற்பனைக் கேள்வி இல்லை. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களால் கோட்டை கட்டினார்கள். மண்ணுக்குள் மறைத்து வைக்கப்பட்ட சோமாஸ்கந்தர், பிள்ளையார் முதலிய வெண்கலத் திருவுருவங்கள் 1950இல்தான், கிணறு தோண்டியவர்களின் கையில், தற்செயலாக வெளியே வந்தன.

அப்படி ஏதாவது கிடைத்தால் வேலையை நிறுத்துங்கள், கழுவாதீர்கள், இருந்த இடத்திலேயே படம் எடுங்கள், தொல்பொருள் திணைக்களத்துக்கும் கிராம சேவையாளருக்கும் அறிவியுங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அனுமதி இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். இரும்பாகவோ உருளையாகவோ சந்தேகமான ஒன்று தெரிந்தால் தொடவே வேண்டாம். ஆட்களை விலக்கிவிட்டுப் பொலிசுக்குச் சொல்லுங்கள். யுத்தம் நடந்த காணி இது.

காலப்பேழைக்குள் என்ன வைக்கவேண்டும்?

விலை உயர்ந்ததை வைக்கவேண்டும் என்று நினைக்கிறார்கள். திறப்பவர் தேடப்போவது சாதாரண நாளை. அம்மம்மா காலத்துக் கூப்பன் புத்தகத்தைக் கையில் எடுத்தால் எமக்கு ஏன் அவ்வளவு ஆர்வம் வருகிறது? அது அன்றைக்கு வெறும் கூப்பன். 1942இல் தொடங்கிய பங்கீட்டில் எத்தனை கொத்து அரிசி வாங்கினார்கள் என்று அது சொல்கிறது. 2022இல் பெற்றோல் வரிசையில் நின்றபோது பாவித்த கியூஆர் தாள் உங்கள் பேத்திக்கு அப்படித்தான் இருக்கப்போகிறது.

என்னைக் கேட்டால் முதலில் வைக்கவேண்டியது கையால் வரைந்த ஒழுங்கையின் (சிறு தெருவின்) படம். உங்கள் ஒழுங்கையில் எந்த வீடு யாருடையது, எந்த வளவில் எந்த மாமரம், பொதுக் கிணறு எங்கே, நாய் எந்தப் படலைக்குள்ளிருந்து பாயும், கடைக்காரர் பெயர் என்ன என்று வரையுங்கள். கூகுள் வரைபடத்தில் வீதி இருக்கும், இவை இருக்காது.

அடுத்தது விலைப்பட்டியல்: ஒரு றாத்தல் பாண், ஒரு தேங்காய், ஒரு கிலோ பாரை மீன், நகரத்திலிருந்து நிலாவெளிக்குப் பஸ் கட்டணம், ஒரு மாதக் கரண்ட் பில், ஒரு நாள் கூலி. விலை மட்டும் எழுதினால் பின்னால் வருகிறவருக்கு விளங்காது, கூலியும் சேர்ந்தால்தான் அளவு தெரியும். பஸ் ரிக்கெட், சுப்பர்மார்க்கெட் பில் எல்லாம் வெப்பத்தாளில் அச்சிட்டவை, சில ஆண்டில் வெறுந்தாளாகிவிடும். அதிலுள்ளதைக் கையால் எழுதி வையுங்கள்.

சமையல் குறிப்பு கட்டாயம். ஆனால் ‘ஒரு சுண்டு’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தப் பால்ரின் அளவு ஐம்பது ஆண்டுக்குப் பிறகு யாருக்குத் தெரியும்? தராசில் நிறுத்துக் கிராமிலும் எழுதுங்கள். அம்மாவின் மீன் சொதிக்குத் தேங்காய்ப் பால் முதல் பாலா இரண்டாம் பாலா, எப்போது இறக்குவது, புளியா எலுமிச்சையா என்று கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். முடிந்தால் அவர் கையாலேயே எழுத வையுங்கள். கையெழுத்தும் ஒரு பொருள்தான்.

பிறகு வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு கடிதம். 1973இல் டில்லி செங்கோட்டையில் ஆயிரம் ஆண்டுக்கென்று ஒரு காலப்பேழையைப் புதைத்தார்கள். அதில் ஒருபக்கமான வரலாறு இருக்கிறது என்ற குற்றச்சாட்டு எழுந்து, ஆட்சி மாறியதும் 1977இல் தோண்டி எடுத்துவிட்டார்கள். குடும்பத்திலும் மூத்த மகன் ஒருவர் மட்டும் எழுதினால் அது அவருடைய கதை. மருமகளும் எழுதட்டும், ஏழு வயதுப் பிள்ளையும் எழுதட்டும்.

என்ன வைக்கக் கூடாது?

சாப்பாட்டுச் சாமான், அரிசி, விதை, காய்ந்த பூ, வேப்பிலை எதுவும் வேண்டாம், பூச்சியை அழைத்துவரும். பற்றரி உள்ள எதுவும் வேண்டாம், ஒழுகிச் சுற்றியுள்ளதை அரிக்கும். றப்பர், வாசனைத் திரவியம், தீப்பெட்டி வேண்டாம். நகை வேண்டாம், பெட்டி திருடு போக அதுவே காரணமாகும். காணி உறுதியின் மூலப் பிரதியை எக்காரணம் கொண்டும் பூட்டிவிடாதீர்கள், பிரதி போதும். பத்திரிகைத் தாள் மஞ்சளாகிப் பொடியாவதோடு அடுத்த தாளையும் கறையாக்கும். நல்ல தாளில் நகல் எடுத்து வையுங்கள்.

மண்ணில் புதைக்கலாமா? பிள்ளைகள் அதைத்தான் விரும்புகிறார்கள்.

வேண்டாம். அமெரிக்காவின் துல்சா நகரத்தில் 1957இல் ஒரு புதுக் காரைக் கொங்கிறீற் அறைக்குள் வைத்துப் புதைத்தார்கள். 2007இல் திறந்தபோது அறை நிறையத் தண்ணீர், கார் முழுவதும் துரு. நகரமே சேர்ந்து செய்த வேலை அது. மாரியில் எங்கள் கிணறுகளில் தண்ணீர் எங்கே நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். வெண்கலச் சிலை மண்ணுக்குள் நூற்றாண்டுக் கணக்கில் தாங்கும், கடிதம் ஒரு மாரி தாங்காது.

தண்ணீரை விடப் பெரிய ஆபத்து மறதி. அந்தத் திருவுருவங்களைப் புதைத்தவர்களுக்கு இடம் தெரிந்திருந்தது. சொல்ல ஆள் இல்லாமல் போனது. காணி விற்கப்படலாம், வீடு கைமாறலாம், நீங்கள் மீண்டும் ஒருமுறை ஊரை விட்டுப் போகவேண்டியும் வரலாம். தூக்கிக்கொண்டு போகக்கூடிய பெட்டிதான் எங்களுக்குச் சரி. பிள்ளைகள் ஏமாறக் கூடாது என்றால் மூடும் நாளில் ஒரு மரம் நட்டு, அதன் படத்தையும் பெட்டிக்குள் வைக்கலாம்.

எந்தப் பெட்டி? எங்கே வைப்பது?

இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பா நல்லது. தகரம் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் என்றால் பொலிப்புரோப்பிலீன் சாப்பாட்டுப் பெட்டி பரவாயில்லை. மலிவான பிவிசி உறைகள் நாள் போகப் போக அமிலம் விடும். தாள்களைத் தனித்தனி உறையில் இட்டு, சிலிக்கா ஜெல் பக்கெட் சில போட்டு, காய்ந்த நாளில் மூடுங்கள்.

அலுமாரியின் நடுத்தட்டில், உள்சுவர்ப் பக்கம் வையுங்கள். நிலத்தில் வைத்தால் கறையானும் வெள்ளமும், சீற்றுக் கூரைக்குக் கிட்ட வைத்தால் சூடு. கடலுக்குக் கிட்ட வீடு என்றால் கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் சகோதரி வீட்டில் வைப்பதுதான் புத்தி.

எத்தனை பிரதி?

இதில் மட்டும் நான் விடாப்பிடி. கடிதம், படம், குரல் என்று பிரதி எடுக்கக்கூடிய எல்லாமே மூன்று இடத்தில் இருக்கவேண்டும், அதில் ஒன்று கட்டாயம் வேறு ஊரில் அல்லது வேறு நாட்டில். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகள் சாம்பலாகின. அந்த இழப்பை அறிந்த நாம் ஒரே பெட்டியை நம்பக் கூடாது.

பென் டிரைவில் போட்டு வைத்தால் போதாதா?

போதாது. பென் டிரைவ் சும்மா கிடந்தாலே பத்து ஆண்டுக்குள் தரவை இழக்கக்கூடும், அதைச் செருக இடமுள்ள கணினி இருக்குமா என்பது அடுத்த கேள்வி. நல்ல படங்களைத் தெரிந்து கடையில் கழுவி எடுங்கள். சிறிய பழைய படங்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள், ஆவணங்களுக்கு 300 போதும். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தரம் குறையும், ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

கசெற்றுகளுக்கு மட்டும் அவசரம் உண்டு. வெளிநாட்டுக்கு ஆட்கள் போன காலத்தில் கடிதத்துக்குப் பதில் குரலைப் பதிந்து அனுப்பிய குடும்பங்கள் பல. அந்த நாடா ஒட்டிக்கொள்ளும், பூஞ்சணம் பிடிக்கும். இயக்கிப் பார்க்க முன்பு பென்சிலைச் சில்லில் செருகி மெதுவாக ஒருமுறை சுற்றி, இறுக்கம் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல்முறை ஓடும்போதே கணினியில் பதிந்துவிடுங்கள், இரண்டாம் முறை அது ஓடும் என்று நம்பவேண்டாம்.

எத்தனை ஆண்டுக்கு மூடுவது?

25 ஆண்டு என்றால் மூடியவர்களில் பலர் திறக்கவும் இருப்பார்கள். எனக்குப் பிடித்தது எங்கள் அறுபது ஆண்டுச் சுற்று. விசுவாவசு வருடத்தில், அதாவது 2025 சித்திரை முதல் 2026 சித்திரைக்குள் மூடியது என்றால், அடுத்த விசுவாவசு பிறக்கும் 2085 சித்திரையில் திறக்கலாம். பத்து வயதில் கடிதம் எழுதிய பிள்ளைக்கு அப்போது எழுபது வயது.

பொருள் யாருக்கு என்று சகோதரங்களுக்குள் மனக்கசப்பு வருகிறது.

எங்கள் பக்கத்தில் வீடு பெரும்பாலும் பெண் பிள்ளைக்குப் போகும், வீட்டோடு பொருளும் அவளிடமே தங்கிவிடும். ஆண் பிள்ளைகளுக்கு அம்மாவின் ஒரு செம்பு கூட இல்லை என்ற ஆதங்கம் இருக்கும், அதைச் சொல்லவும் மாட்டார்கள். அம்மா இருக்கும்போதே, எல்லோரையும் வைத்து, எது யாருக்கு என்று அவர் வாயால் சொல்லக் கேட்டு எழுதுங்கள். பிரிக்க முடியாத பொருளைப் படம் எடுத்து, அதன் கதையோடு எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். கதை தெரியாதவர் கையில் போன செம்பு ஒருநாள் நிறைக்கு விற்கப்படும். யார் கையில் இருந்தாலும் கதையும் கூடப் போகட்டும்.

துயரமான சம்பவங்களையும் எழுதலாமா?

எழுதவேண்டும் என்றே நினைக்கிறேன். எழுதாவிட்டால் பேரப்பிள்ளைக்கு வீட்டுக் கதையில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கும், காரணம் தெரியாது. ஆனால் எழுதுகிறவர் தான் கண்டதை எழுதட்டும், கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதாகவே எழுதட்டும். உயிரோடு இருக்கும் மற்றவர்களைப் பற்றியது என்றால் அவர்களிடம் கேளுங்கள். தனி உறையில் ஒட்டி, ‘பெரியவர்கள் முதலில் வாசிக்கவும்’ என்று மேலே எழுதலாம்.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எந்த மொழியில் எழுதுவது?

உங்களுக்கு எந்த மொழியில் நெஞ்சு திறக்கிறதோ அந்த மொழியில். அதன் பின் அவர்கள் நாட்டு மொழியில் ஒரு பிரதி இணையுங்கள். அந்த மொழிபெயர்ப்பை அந்தப் பிள்ளைகளையே செய்யச் சொல்லலாம், அம்மாவிடம் கேட்டுக் கேட்டுத்தான் எழுதவேண்டி வரும், அதற்குள் பாதிக் கதை கைமாறிவிடும்.

பெட்டி இருப்பதை யாரிடம் சொல்லி வைப்பது?

வெஸ்டிங்ஹவுஸ்காரர்கள் குழாயை இறக்கியதோடு நிற்கவில்லை. அது எங்கே இருக்கிறது, எப்படித் தேடுவது என்று ஒரு புத்தகம் அச்சிட்டு உலகமெங்கும் நூலகங்களுக்கு அனுப்பினார்கள். நீங்கள் ஒரு தாள் எழுதினால் போதும்: பெட்டி யார் வீட்டில், உள்ளே என்ன, மூடிய நாள், திறக்கும் நாள், பிரதிகள் யாரிடம். அதைக் காணி உறுதிக் கோப்புக்குள் வையுங்கள், எந்த அவசரத்திலும் எங்கள் ஆட்கள் தேடி எடுக்கும் கோப்பு அதுதான். குடும்ப வட்ஸ்அப் குழுவிலும் போடுங்கள். பெட்டி இடம் மாறினால் தாளையும் மாற்றுங்கள். வெவ்வேறு வயதில் உள்ள மூவரிடம் சொல்லி வையுங்கள், அதில் ஒருவர் பிள்ளையாக இருக்கட்டும்.

எப்போது தொடங்கலாம்?

வீட்டில் மூத்தவர் யாரோ அவரோடு, இந்த ஞாயிற்றுக்கிழமை. பெட்டியைப் பிறகு வாங்கலாம். ஒரு படம், ஒரு பென்சில், போனில் பதிவு. பெயர்களை எழுதி முடித்துவிட்டு அடுத்த ஞாயிறு அடுத்த படம். பொருட்களை வெளியே எடுத்துக் காயவிடுவதை மழை ஓய்ந்த பிறகு, தைப்பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கிய கையோடு தொடங்கினால், கச்சான் முடிவதற்குள் வேலை முடிந்துவிடும்.